கிருமி உலோகத்தைத் தின்னுமா?

சென்ற வாரம் விடுதி உணவறையில் இராணிப்பேட்டை நண்பர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏனப்பா, நீ நுண்ணுயிர் படிக்கிறவன். நிலத்தடி நீரிலுள்ள நச்சு உலோகத்தைக் கிருமிகள் தின்றுவிடுமாமே! எங்கள் ஊர்க் கிணறுகளிலும் அவற்றை இறக்கிவிட்டால் என்ன?" என்றார். சாம்பார் ஆறிப்போகும் வரை அவரிடம் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

கிருமி உலோகத்தைத் தின்பதில்லை. எண்ணெயைச் சிதைத்துக் கரியமில வாயுவாக்கக் கிருமியால் முடியும். உலோகமோ தனிமம், அதை எந்த உயிராலும் அழிக்க இயலாது. நீரில் கரைந்திருப்பதைக் கரையாத வடிவாக மாற்றி மண்ணிலே படியச் செய்யலாம், அவ்வளவுதான்.

அது எவ்வாறு நிகழ்கிறது? நாம் உண்ட உணவிலிருந்து வெளிப்படும் எலெக்ட்ரான்களைக் கடைசியில் பிராணவாயுவிடம் ஒப்படைக்கிறோம். மூச்சு விடுவதன் உட்பொருள் அதுவே. பூமிக்கடியில் ஆழத்திலோ பிராணவாயு அரிது. 1987-இல் அமெரிக்காவில் பொடோமாக் ஆற்றுச் சேற்றிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஜியோபாக்டர் என்னும் நுண்ணுயிர், அந்த எலெக்ட்ரான்களை இரும்புத் துருவிடம் கொடுத்துப் பிழைக்கிறது. நம் சைக்கிளுக்குப் பகையான துரு அதற்கு மூச்சுக்காற்று! கரைந்த யுரேனியத்துக்கும் அது அவ்வாறே எலெக்ட்ரான்களை அளிக்கும் என்று 1991-இல் டெரெக் லவ்லியும் அவருடன் உழைத்தவர்களும் காட்டினர். இரண்டு எலெக்ட்ரான்களைப் பெற்ற யுரேனியம் கரைசலைவிட்டு மணலில் படிந்துவிடும்.

2002-இல் கொலராடோ மாநிலத்து ரைஃபிள் என்னும் ஊரில், பழைய யுரேனியத் தாது ஆலை இருந்த நிலத்தில் இதைச் செய்து பார்த்தனர். புதிதாகக் கிருமி எதையும் இறக்கவில்லை. மண்ணில் ஏற்கெனவே இருந்த ஜியோபாக்டருக்கு அசிடேட் என்னும் காடியமில உப்பை இரையாகச் செலுத்தினர். அது பெருகிற்று, யுரேனியம் குறைந்தது. ஆனால் நாளடைவில் சல்பேட்டைக்கொண்டு மூச்சுவிடும் வேறு நுண்ணுயிர்கள் ஓங்கின, ஜியோபாக்டர் தேய்ந்தது, யுரேனியம் மீண்டும் ஏறலாயிற்று. விருந்து வைப்பது எளிது, பந்தியில் யார் உட்காருவது என்பது நம் கையில் இல்லை.

இராணிப்பேட்டையின் தொல்லை குரோமியம். ஆறு இணைதிறன் உடைய குரோமியம் நீரில் கரையும், கொடிய நஞ்சு. மூன்று எலெக்ட்ரான்களைப் பெற்றால் அது மூன்று இணைதிறன் வடிவாகும். அது எளிதில் கரையாது. நச்சுத்தன்மையும் மிகக் குறைவு. கரும்பாலைக் கழிவுப் பாகு போன்ற மலிவான இரையைக் கொண்டே மண்ணிலுள்ள பல நுண்ணுயிர்களை இவ்வேலைக்குத் தூண்டலாம். படிந்த யுரேனியம் பிராணவாயு பட்டால் மறுபடி கரையும்; குரோமியம் அத்தனை எளிதில் திரும்புவதில்லை. மாங்கனீஸ் ஆக்ஸைடு மிகுந்த மண்ணில்தான் அந்த அச்சம் உண்டு.

இதைக் கேட்டதும் நண்பர் முகம் மலர்ந்தது. அதைக் கெடுக்க எனக்கு மனமில்லை, ஆயினும் சொன்னேன். அவ்வூரில் 1995-இல் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை ஒன்று விட்டுச்சென்ற கழிவு ஒரு லட்சம் டன்னுக்கும் அதிகம். ஒவ்வொரு மழைக்கும் அத்தகைய குவியலிலிருந்து புதுக் குரோமியம் கீழே இறங்கும். கிருமிகள் இன்று படியவைத்ததற்கு ஈடாக நாளை வேறு வந்து சேரும்.

"அப்படியானால் முதலில் குவியலை அல்லவா அகற்ற வேண்டும்?" என்றார்.

"ஆம். அதற்குக் கிருமி உதவாது, லாரிதான் வேண்டும்" என்றேன்.