முனைவர் பட்ட ஆய்வில் கருத்தரங்கின் இடம்

முன்னுரை

தமிழாய்வில் கருத்தரங்குகள் நெடிய மரபுடையவை. 1964ஆம் ஆண்டு புதுதில்லியில் கீழ்த்திசை அறிஞர்களின் அனைத்துலக மாநாடு கூடியபோது, தனிநாயகம் அடிகளார் முதலியோரின் முயற்சியால் உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் தோன்றியது. அதன் முதல் மாநாடு 1966இல் கோலாலம்பூரில் நடைபெற்றது. இந்தியப் பல்கலைக்கழகத் தமிழாசிரியர் மன்றத்தின் கருத்தரங்கக் கட்டுரைகள் ‘ஆய்வுக்கோவை’ என்னும் பெயரில் தொகுதிகளாக வெளிவந்துள்ளன. இம்மரபில் பங்கேற்பதால் முனைவர் பட்ட ஆய்வாளர் பெறும் பயனை இக்கட்டுரை விளக்குகிறது.

விதியும் நடைமுறையும்

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள், ஆய்வேட்டை அளிக்கும் முன் ஆய்வாளர் இரண்டு கருத்தரங்கக் கட்டுரைகளை வழங்கியிருத்தல் வேண்டும் என வரையறுத்தன. அதற்குரிய சான்றும் வேண்டப்பட்டது. 2022ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளில் இக்கட்டாயம் இடம்பெறவில்லை. சான்றிதழ் கருதிச் செல்லும் வழக்கம் இதனால் குறையலாம். கருத்தரங்கே தேவையற்றது என்னும் எண்ணமும் எழலாம். ஆதலின், விதியைச் சாராது நிற்கும் பயனை எடுத்துரைத்தல் இன்று தேவையாகிறது.

கருதுகோள் தெளிவு

ஆய்வேட்டின் ஓர் இயல் ஐம்பது பக்கங்களுக்கு விரியலாம். அரங்கில் கிடைப்பன பதினைந்து அல்லது இருபது நிமிடங்களே. அதற்குள் உரைக்க முற்படும் ஆய்வாளர், தரவுகளின் திரளிலிருந்து தம் கருதுகோளைப் பிரித்தெடுக்க வேண்டியவராகிறார். தொகுத்துக் கூறலுக்கும் நிறுவுதலுக்கும் உள்ள வேறுபாடு அப்போதே அவருக்குப் புலனாகிறது.

வினாவின் பயன்

கருத்தரங்கின் தலையாய பயன் வினாவில் உள்ளது. சான்றாக, அகநானூற்றின் 400 பாடல்களில் 200 பாலைக்குரியன என்பதைக் கொண்டு, சங்கப் புலவர் பாலையையே மிக விரும்பினர் என ஓர் ஆய்வாளர் முடிவு செய்வதாகக் கொள்வோம். அகநானூற்றில் ஒற்றைப்படை எண் பெற்றவை பாலையாகவும், 2, 8 என்னும் எண்களில் முடிவன குறிஞ்சியாகவும், 4இல் முடிவன முல்லையாகவும், 6இல் முடிவன மருதமாகவும், பத்தின் மடங்குகள் நெய்தலாகவும் அமைந்துள்ளன. எனவே, ‘இவ்வெண்ணிக்கை காட்டுவது புலவரின் விருப்பத்தையா, தொகுத்தோரின் திட்டத்தையா?’ என அவையினர் ஒருவர் வினவுவார். நற்றிணை, குறுந்தொகை ஆகியவற்றில் இத்தகைய எண்முறை வைப்பு இல்லை. அவற்றோடு ஒப்பிட்டுத் தம் முடிவை மீளாய்வு செய்ய ஆய்வாளருக்கு வழி பிறக்கிறது. இவ்வினா வாய்மொழித் தேர்வில் முதன்முறையாக எழுமாயின், ஓர் இயல் முழுவதும் ஆட்டங்காணும். நெறியாளரும் ஆய்வாளரும் ஒரே கோணத்தில் நெடுநாள் பழகியமையால், அவர்களுக்கு இது தோன்றாமற் போதலும் உண்டு.

பிறதுறைத் தொடர்பு

தனித்தனியே இயங்கும் துறைகளை அரங்கம் ஓரிடத்தில் கூட்டுகிறது. 1968இல் சென்னையில் நடைபெற்ற இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டில் ஐராவதம் மகாதேவன் சங்ககாலத் தமிழ்-பிராமிக் கல்வெட்டுகள் குறித்துக் கட்டுரை வழங்கினார். இலக்கியச் சான்றையும் கல்வெட்டுச் சான்றையும் ஒருங்கே நோக்கும் பயிற்சியை இத்தகைய அமர்வுகள் இளம் ஆய்வாளருக்கு அளிக்கின்றன.

பயன் கிட்டாத நிலை

ஓர் அமர்வில் கட்டுரைகள் அளவிறந்து, வினாவிற்கு நேரமின்றி முடியும் அரங்கில் மேற்கூறிய பயன்கள் கிட்டா. கட்டுரை முன்னரே நூலாக அச்சாகிவிடின், அவையில் சுட்டப்பெறும் பிழை திருத்தம் பெறாமலே நிலைத்துவிடுகிறது.

முடிவுரை

கட்டாயம் நீங்கிய நிலையில், கருத்தரங்கின் மதிப்பு அதன் கலந்துரையாடலைப் பொறுத்தே அமையும். கட்டுரைகளின் எண்ணிக்கையைக் குறைத்து உரையாடலுக்கு நேரம் ஒதுக்குதலும், திருத்திய வடிவையே தொகுதியில் வெளியிடுதலும் துறைகள் மேற்கொள்ளத்தக்கன. ஆய்வாளரும் முடிந்த இயலைக் காட்டிலும், ஐயம் எஞ்சியுள்ள பகுதியையே அவைமுன் வைத்தல் நலம். ஆய்வேடு முடிவதற்கு முன் கிடைக்கும் மறுப்பே ஆய்வுக்கு வலிமை சேர்ப்பதாகும்.