மரத்தளவாடம்: தரம் அறிந்து வாங்குவோம்

புதுவீடு புகும்போதும் பெருநாள் காலத்திலும் தளவாடக் கடைகளில் கூட்டம் அலைமோதும். கட்டில், அலமாரி, சாப்பாட்டு மேசை போன்றவற்றுக்காகக் குடும்பங்கள் பெருந்தொகையைச் செலவிடுகின்றன. பலர் தவணை முறையில் வாங்குகின்றனர். தவணை முடிவதற்குள் இழுப்பறை கழன்றுவிட்டாலோ அலமாரியின் அடிப்பகுதி ஊறி உப்பிவிட்டாலோ, பயன்படாத பொருளுக்கு மாதந்தோறும் பணம் கட்ட வேண்டிய நிலை ஏற்படும். ஆகவே, பளபளப்பையும் விலைச்சீட்டையும் தாண்டி, ஒரு தளவாடத்தின் தரத்தை எவ்வாறு அறிவது என்பதைப் பயனீட்டாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

'மரத்தளவாடம்' என்று விற்கப்படுபவை அனைத்தும் ஒரே பொருளால் ஆனவை அல்ல. மரத்தை அறுத்து எடுத்த பலகையே முழு மரம். மெல்லிய மரத்தகடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒட்டினால் அது ஒட்டுப்பலகை. மரச்சீவல்களையும் தூளையும் பசையுடன் அழுத்திச் செய்வது மரத்தூள் பலகை. இதன் மேல் மரவரிகள் அச்சிட்ட தாளையோ மிக மெல்லிய மரத்தகட்டையோ ஒட்டிவிட்டால், பார்வைக்கு முழு மரம் போலவே தோன்றும்.

இவற்றை வேறுபடுத்திக் காண்பது கடினமன்று. முழு மரத்தின் மேற்பரப்பில் ஓடும் வரிகள், பலகையின் விளிம்பிலும் தொடர்ந்து செல்லும். ஒரே வடிவ வரிகள் திரும்பத் திரும்ப வந்தால், அது அச்சிட்ட தாளாக இருக்கக்கூடும். மேசையின் அடிப்புறத்தையும் அலமாரியின் பின்புறத்தையும் பார்த்தால் உண்மை விளங்கும். எடையை மட்டும் நம்ப முடியாது. மரத்தூள் பலகையும் கனமாகவே இருக்கும். எனினும், அலமாரியின் பின்பக்கத்திற்கு ஒட்டுப்பலகையைப் பயன்படுத்துவது குறையாகாது. ஒன்றின் பெயரைச் சொல்லி மற்றொன்றை விற்பதே தவறு.

மலேசியாவில் முழு மரத் தளவாடங்களுக்கு அதிகமாகப் பயன்படுவது ரப்பர் மரம். தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டிய அதே மரந்தான் இது. ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகளில் பால் குறைந்ததும் மரங்களை வெட்டிவிட்டு மறுநடவு செய்வார்கள். முன்பு இவை பெரும்பாலும் விறகாகவே எரிந்தன. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து மிகுதியாக இருப்பதால், வெட்டிய சில நாள்களிலேயே பூஞ்சை படரும். வண்டு துளைத்து மரம் உளுத்துப் போகும். அறுத்தவுடன் பலகைகளில் போரான் கலந்த கரைசலை அழுத்தத்துடன் செலுத்தி, பிறகு சூடான உலர்கூடத்தில் காயவைக்கும் முறை பரவிய பின்னரே இந்நிலை மாறியது. இன்று ஜொகூரின் மூவார் நகரம் தளவாடத் தொழிலுக்குப் பெயர்பெற்று விளங்குகிறது.

ரப்பர் மரப் பலகையில், சிறு துண்டுகள் விரல்களைக் கோத்ததுபோல் இணைந்திருப்பதைக் காணலாம். இதைக் கண்டு சிலர் போலி என்று ஒதுக்குகின்றனர். உண்மையில் அதுவும் முழு மரமே. குறைகளை நீக்கிய துண்டுகளை இணைப்பதால் பலகை வளைவதும் குறைகிறது. ஆனால், மழையும் வெயிலும் படும் இடத்திற்கு ரப்பர் மரம் ஏற்றதன்று. அத்தகைய இடத்திற்குத் தேக்கு பொருத்தமானது. அதிலுள்ள இயற்கை எண்ணெய் கரையானையும் ஈரத்தையும் எதிர்க்கும்.

எந்த மரமாயினும் நன்கு உலர்ந்திருக்க வேண்டும். மரம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி விரியும்; வறண்டால் சுருங்கும். சரியாக உலராத பலகை குளிர்சாதன அறையில் வைக்கப்பட்டதும் வெடிப்பு விடும். ஆகவே, பலகையின் வெட்டுமுனைகளில் கீறல்கள் உள்ளனவா, மேசைப்பலகை மட்டமாக உள்ளதா என்று பார்க்க வேண்டும். வெண்ணிறப் பொடியும் ஊசிமுனை அளவு துளைகளும் இருந்தால் வண்டு புகுந்திருக்கலாம்.

மரத்தைவிட முக்கியமானது இணைப்பு. நாற்காலி உடைவது பெரும்பாலும் பலகையின் நடுவில் அன்று. காலும் சட்டமும் சேரும் இடத்திலேயே. நல்ல தச்சர் ஒரு துண்டின் முனையை நாக்குப்போல் செதுக்கி, மற்றொன்றில் குடைந்த துளைக்குள் இறுக்கமாகச் செருகுவார். ஆணியும் பசையும் மட்டும் தாங்கும் இணைப்பு விரைவில் தளரும். நாற்காலியில் அமர்ந்து பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தால் உறுதி தெரிந்துவிடும். இழுப்பறையை முழுவதும் வெளியே இழுத்து, அதன் மூலைகளையும் அடிப்பலகையையும் பார்க்கலாம். விலையுயர்ந்த மரத்தில் செய்த பொருளும் இணைப்பு தளர்ந்தால் ஆட்டங்காணும்.

விலையை எவ்வாறு மதிப்பிடுவது? 600 ரிங்கிட் மேசை 4 ஆண்டுகள் உழைக்கும் என்று வைத்துக்கொள்வோம். அதன் செலவு ஆண்டுக்கு 150 ரிங்கிட். 1,800 ரிங்கிட் மேசை 20 ஆண்டுகள் உழைத்தால், ஆண்டுக்கு 90 ரிங்கிட்டே ஆகும். மேலும், முழு மரத்தில் கீறல் விழுந்தால் தேய்த்து மெருகேற்றலாம். தளர்ந்த இணைப்பை மீண்டும் இறுக்கலாம். மரத்தூள் பலகை நீரில் ஊறிவிட்டால் சீர்செய்வது அரிது. எனினும், ஓரிரு ஆண்டுகள் மட்டும் வாடகை வீட்டில் தங்கும் மாணவருக்கு மலிவான மேசையே போதும். தேவையையும் காலத்தையும் அறிந்தவரே சரியாக வாங்குகிறார்.

இறுதியாக, ரசீது கவனத்திற்குரியது. 'மரமேசை' என்ற சொல் போதாது. எந்த மரம், எந்தப் பகுதி முழு மரம், உத்தரவாதம் எத்தனை மாதம் என்பவற்றை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். பொருளைப் பற்றிப் பொய் விவரம் தந்து விற்பது மலேசியச் சட்டப்படி குற்றமாகும். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் கோரிக்கை மனு கொடுக்கலாம். அங்கே கடைக்காரர் வாய்மொழியாகச் சொன்னதை மெய்ப்பிப்பது கடினம். ரசீதில் எழுதியதோ சான்றாக நிற்கும். எழுதித்தரத் தயங்கும் கடைக்காரரிடம் வாங்கும் முன் பயனீட்டாளரும் சற்றுத் தயங்குவது நல்லது.