கண்ணுக்குத் தெரியாத துபாஷி

லாப்டாப்பின் வை-பை டிரைவரைக் கவனிப்பது எப்படி?

வீட்டில் வை-பை பெட்டி ஒன்றுதான். அப்பாவின் செல்போனில் செய்தி ஓடுகிறது. தங்கையின் செல்போனில் பாட்டு ஓடுகிறது. மேஜைமேல் இருக்கும் லாப்டாப் மட்டும் "இணைப்பு இல்லை" என்று அடம் பிடிக்கிறது. கல்லூரி விண்ணப்பத்தை அனுப்ப மறுநாள் கடைசி நாள். பெட்டியை அணைத்துப் போடுகிறார்கள். லாப்டாப்பை அணைத்துப் போடுகிறார்கள். பலன் இல்லை. "மிஷின் போய்விட்டது!" என்று ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்.

பல சமயங்களில் மிஷினில் ஒரு கோளாறும் இருக்காது. கோளாறு அதற்குள் இருக்கும் ஒரு சிறிய புரோகிராமில்தான் இருக்கும். அந்தப் புரோகிராமுக்கு டிரைவர் என்று பெயர்.

இரு பாஷை அறிந்தவர்

கும்பினியார் காலத்தில் சென்னைப் பட்டணத்தில் துபாஷிகள் இருந்தார்கள். துரைக்குத் தமிழ் தெரியாது. துணி நெய்து கொடுத்தவருக்கு இங்கிலீஷ் தெரியாது. இருவருக்கும் நடுவே நின்று பேச்சை மாற்றிச் சொல்லி, வியாபாரத்தை நடத்தி வைத்தவர் துபாஷி.

டிரைவரும் அப்படித்தான். லாப்டாப்புக்குள் தீப்பெட்டியைவிடச் சிறிய அட்டை ஒன்று இருக்கிறது. ரேடியோ அலைகளை வாங்குவதும் அனுப்புவதும் அதன் வேலை. இன்டெல், ரியல்டெக், குவால்காம், மீடியாடெக் போன்ற கம்பெனிகள் அதைத் தயாரிக்கின்றன. லாப்டாப்பை ஆட்டி வைக்கும் விண்டோஸோ மைக்ரோசாப்ட் கம்பெனியின் தயாரிப்பு. அட்டையின் பாஷை விண்டோஸுக்குத் தெரியாது. விண்டோஸின் பாஷை அட்டைக்குத் தெரியாது. நடுவே நிற்கும் துபாஷிதான் டிரைவர்.

துபாஷி இல்லாவிட்டால் அட்டை இருந்தும் பயன் இல்லை. துபாஷி பழையவராக இருந்து, விண்டோஸ் புதிதாக மாறிவிட்டாலும் பேச்சு தடைப்படும். இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும், வேகம் குறையும், தூங்கி எழுந்த லாப்டாப் வை-பையைக் கண்டுகொள்ளாது.

வாசலில் ஓட்டை

இணைப்பு அறுந்தால் வேலைதான் கெடும். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. டிரைவர் சாதாரணப் புரோகிராம் அல்ல. விண்டோஸின் உள்ளறை வரை போகும் உரிமை அதற்கு இருக்கிறது. வெளியிலிருந்து வரும் ரேடியோ அலையை முதலில் வாங்குகிறவைகளில் அதுவும் ஒன்று. ஆகவே டிரைவரில் ஓட்டை இருந்தால், பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருக்கும் அந்நியன் கம்பி இல்லாமலே உள்ளே நுழைய முடியும்.

2006-ம் ஆண்டு நவம்பரில் இப்படி ஓர் ஓட்டை அம்பலமாயிற்று. பிராட்காம் கம்பெனியின் வை-பை டிரைவரில் அதைக் கண்டுபிடித்தவர் ஜான் எல்ச் என்ற ஆராய்ச்சியாளர். வை-பை பெட்டி ஒவ்வொன்றும் தன் பெயரைக் காற்றில் கூவிக்கொண்டே இருக்கும். அந்தப் பெயர் 32 எழுத்து அளவுக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. அந்த டிரைவரோ பெயரின் நீளத்தை அளந்து பார்க்கவில்லை. யாராவது விதியை மீறி நீளமான பெயரை அனுப்பினால், அது வழிந்து லாப்டாப்பின் ஞாபகப் பகுதிக்குள் புகுந்துவிடும். அதற்குள் கள்ளப் புரோகிராமை ஒளித்து அனுப்பலாம். லாப்டாப்காரர் எதையும் தொட வேண்டியதில்லை. வை-பை திறந்திருந்தாலே போதும்!

பிராட்காம் ஓட்டையை அடைத்துப் புதிய டிரைவரை லாப்டாப் கம்பெனிகளுக்குக் கொடுத்தது. ஆனால் அதைத் தேடி எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியவர் யார்? லாப்டாப்காரர்தான்.

2017-ம் ஆண்டு அக்டோபர் 16-ந் தேதி மற்றொரு செய்தி வெளிவந்தது. பெல்ஜியம் நாட்டு லூவென் சர்வகலாசாலையைச் சேர்ந்த மேத்தி வான்ஹோப் என்ற ஆராய்ச்சியாளர், உலகமெங்கும் வை-பைக்குப் பூட்டாக இருந்த முறையிலேயே ஒரு பிசகைக் காட்டினார். 'க்ராக்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். மைக்ரோசாப்ட் அதற்கு 6 நாள் முன்னதாகவே விண்டோஸைத் திருத்திவிட்டது. கூடவே ஒரு எச்சரிக்கையும் சொன்னது. சில லாப்டாப்கள் அரைத் தூக்கத்தில் இருக்கும்போது இந்தப் பூட்டு வேலையை வை-பை அட்டையே பார்த்துக்கொள்ளும். ஆகவே விண்டோஸைப் புதுப்பித்தது மட்டும் போதாது, அட்டையின் டிரைவரையும் புதுப்பிக்க வேண்டும் என்பதே அந்த எச்சரிக்கை.

2024-ம் ஆண்டு ஜூன் 11-ந் தேதி, விண்டோஸின் சொந்த வை-பை டிரைவரிலேயே இருந்த ஓட்டையை மைக்ரோசாப்ட் அடைத்தது. வை-பை எட்டும் தூரத்தில் இருப்பவன் கடவுச்சொல் எதுவும் இல்லாமல் அதைப் பயன்படுத்த முடியும் என்று அந்தக் கம்பெனியே அறிவித்தது.

எங்கே பார்ப்பது?

முதலில் சில்லறை விஷயங்களைப் பார்த்துவிட வேண்டும். 'ஏர்பிளேன் மோட்' தவறிப்போய் அமுக்கப்பட்டிருக்கலாம். சில லாப்டாப்களில் வை-பையை அணைக்கத் தனிப் பொத்தானும் உண்டு.

இவை சரியாக இருந்தால், ஸ்டார்ட் பொத்தானின்மேல் மவுஸின் வலது பக்கத்தை அமுக்குங்கள். வரும் பட்டியலில் 'டிவைஸ் மானேஜர்' என்பதைத் திறந்து, 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்' என்ற வரியை விரியுங்கள். 'வயர்லெஸ்', 'வை-பை', '802.11' இவற்றில் ஏதாவது ஒன்று உள்ள பெயர்தான் உங்கள் அட்டை. பெயரின்மேல் கீழ்நோக்கிய அம்பு தெரிந்தால் அட்டை அணைக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். மறுபடி இயக்கினால் போதும். மஞ்சள் முக்கோணம் தெரிந்தால் ஏதோ கோளாறு. பெயரே காணோம், 'அதர் டிவைசஸ்' என்ற தலைப்பின்கீழ் 'நெட்வொர்க் கன்ட்ரோலர்' என்று மட்டும் இருக்கிறது என்றால், பெரும்பாலும் டிரைவர் இல்லை என்றே கொள்ளலாம்.

பெயரின்மேல் வலது பக்கத்தை அமுக்கி 'பிராபர்ட்டீஸ்', அதில் 'டிரைவர்' என்று போனால், கொடுத்தவர் யார், தேதி என்ன, பதிப்பு எண் என்ன என்ற மூன்றும் தெரியும்.

தேதியில் ஒரு வேடிக்கை

அந்தத் தேதியைக் கண்டு சிலர் திடுக்கிடுவது உண்டு. டிவைஸ் மானேஜரில் மைக்ரோசாப்ட் கொடுத்த டிரைவர்கள் பலவற்றில் 2006 ஜூன் 21 என்று போட்டிருக்கும். இத்தனை வருஷமாகவா புதுப்பிக்கவில்லை?

அப்படி இல்லை. ஒரே சாதனத்துக்கு இரண்டு டிரைவர்கள் சமமாகப் பொருந்தினால், தேதி பிந்தியதையே விண்டோஸ் தேர்ந்தெடுக்கும். மைக்ரோசாப்ட் கொடுப்பது பொதுவான டிரைவர். அது, சாதனம் செய்த கம்பெனியே கொடுத்த டிரைவரை முந்திவிடக்கூடாது அல்லவா? அதற்காகவே தன் டிரைவருக்குப் பழைய தேதியைப் போட்டு வைக்கிறது. இன்டெல் கம்பெனி தன் சில 'சிப்செட்' டிரைவர்களுக்கு 1968 ஜூலை 18 என்றே போட்டிருக்கிறது. அது அந்தக் கம்பெனி பிறந்த தேதி!

ஆகவே தேதியை மட்டும் பார்த்து முடிவு கட்டக்கூடாது. பதிப்பு எண்ணைப் பார்த்து, கம்பெனியின் தளத்தில் இருக்கும் எண்ணோடு ஒப்பிட வேண்டும்.

எங்கே வாங்குவது?

முதல் இடம் விண்டோஸ் அப்டேட். செட்டிங்ஸில் அதைத் திறந்து, 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', 'ஆப்ஷனல் அப்டேட்ஸ்' என்று போனால், புது டிரைவர் வந்திருந்தால் அங்கே தெரியும். இது பலர் கண்ணில் படாத மூலை.

இரண்டாவது இடம் லாப்டாப் கம்பெனியின் சொந்தத் தளம். லாப்டாப்பின் அடிப்பக்கத்தில் இருக்கும் மாடல் எண்ணைக் கொடுத்தால் அதற்கு உரிய டிரைவரைக் காட்டும். மூன்றாவது இடம் அட்டைக் கம்பெனியின் தளம். சில லாப்டாப் கம்பெனிகள் டிரைவரைத் தங்கள் மாடலுக்கு ஏற்ப மாற்றி அமைத்திருக்கும். அதனால் இந்த வரிசையை மாற்றாமல் இருப்பது நல்லது.

டிவைஸ் மானேஜரிலேயே 'அப்டேட் டிரைவர்' என்று ஒரு வழி இருக்கிறது. அதை அமுக்கினால், "சிறந்த டிரைவர் ஏற்கெனவே இருக்கிறது" என்று பதில் வரக்கூடும். தனக்குத் தெரிந்தவற்றில் அதுவே சிறந்தது என்று விண்டோஸ் சொல்கிறது, அவ்வளவுதான். கம்பெனியின் தளத்தில் அதைவிடப் புதியது இருக்கலாம்.

போகக்கூடாத இடமும் ஒன்று உண்டு. "உங்கள் லாப்டாப்பில் பழைய டிரைவர்கள் இருக்கின்றன, உடனே அமுக்குங்கள்!" என்று திரையில் குதிக்கும் விளம்பரங்களை நம்பவே கூடாது. துபாஷி வேஷத்தில் திருடனை வீட்டுக்குள் விட்ட கதையாக முடியும்.

சாவி பெட்டிக்குள்ளே

"இணைப்பே இல்லை, டிரைவரை எப்படி இறக்குவது?" என்று கேட்கலாம். பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். ஆனாலும் வழி உண்டு. வை-பை பெட்டியிலிருந்து லாப்டாப்புக்குக் கம்பி இழுக்கலாம். ஆண்ட்ராய்டு செல்போனை யு.எஸ்.பி. கம்பியால் இணைத்து, 'யு.எஸ்.பி. டெதரிங்' என்பதை இயக்கினால், செல்போனின் இணைப்பு லாப்டாப்புக்குக் கிடைக்கும். வேறு லாப்டாப்பில் டிரைவரை இறக்கி, பென் டிரைவில் கொண்டுவரவும் செய்யலாம்.

திரும்பி வரும் வழி

புதியது எல்லாம் நல்லது என்றும் நினைத்துவிடக்கூடாது. 2023-ம் ஆண்டு டிசம்பரில், விண்டோஸ் 11-க்கு வந்த புதுப்பிப்பு ஒன்றே சில லாப்டாப்களில் வை-பையைக் கெடுத்தது. கல்லூரி, சர்வகலாசாலை வை-பைகளில்தான் இந்தத் தொல்லை அதிகம் தெரிந்தது. மைக்ரோசாப்ட் அந்த மாற்றத்தைத் திரும்பப் பெற நேர்ந்தது.

டிரைவருக்கும் அப்படித் திரும்பி வரும் வழி வைத்திருக்கிறார்கள். முன்பு சொன்ன 'டிரைவர்' பக்கத்திலேயே 'ரோல் பேக் டிரைவர்' என்று இருக்கும். புதியது ஒத்துவராவிட்டால் அதை அமுக்கலாம், பழையது திரும்பிவிடும். பழைய டிரைவர் லாப்டாப்பில் இல்லாவிட்டால் அந்தப் பொத்தான் மங்கிக் கிடக்கும். ஆகவே டிரைவரை அடியோடு நீக்கிப் பார்க்க விரும்புகிறவர்கள், மாற்று டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குவதே புத்திசாலித்தனம்.

பழைய லாப்டாப் வைத்திருப்போர் கவனிக்க வேண்டியது இன்னொன்று. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்டின் வழக்கமான ஆதரவு 2025-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதியோடு முடிந்தது. லாப்டாப் கம்பெனிகளும் சில வருஷங்களுக்குப் பிறகு பழைய மாடலுக்குப் புது டிரைவர் போடுவதை நிறுத்திவிடுகின்றன. அப்படிப்பட்ட லாப்டாப்பை ரயில் நிலையம், ஓட்டல் போன்ற பொது இடங்களில் வை-பையைத் திறந்து வைத்துக்கொண்டு உபயோகிக்காமல் இருப்பது நல்லது.

டிவைஸ் மானேஜரைத் திறந்து, வை-பை டிரைவரின் பதிப்பு எண்ணை ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். லாப்டாப்பின் மாடல் எண்ணையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். ஐந்து நிமிஷ வேலைதான். இணைப்பு அறுந்த பிறகு தேடினால் அரை நாள் ஆகும்.