அலைக்கு முன் – 7: முகாம் வாசலில் ஒரு நாய்

புயல் வருகிறது, கிளம்புங்கள் என்று ஒலிபெருக்கி தெருத்தெருவாகச் சொல்லிவிட்டுப் போன பிறகும் சில வீடுகளில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அதிகாரிகளின் குறிப்பில் அது பிடிவாதம். அந்தப் பிடிவாதத்தில் ஒரு பங்குக்கு நான்கு கால்கள் உண்டு. 2005 ஆகஸ்டில் கத்ரினா சூறாவளி அமெரிக்காவைத் தாக்கியபோது வெளியேறாமல் தங்கிவிட்டவர்களிடம் ஃப்ரிட்ஸ் நிறுவனம் பின்னர் காரணம் கேட்டது. வளர்ப்புப் பிராணியை விட்டுவர மனமில்லை என்பதையும் ஒரு காரணமாகச் சொன்னவர்கள் 44 சதவீதம். மறு ஆண்டே அங்கே சட்டம் வந்தது: மத்திய அரசின் பேரிடர் நிதி வேண்டுமென்றால், மாநிலங்கள் தங்கள் வெளியேற்றத் திட்டத்தில் வளர்ப்புப் பிராணிகளுக்கும் வழி சொல்லியாக வேண்டும். இதெல்லாம் வசதி படைத்த நாட்டின் செல்லம் என்று ஒதுக்கலாம் என்றால் 2018 கேரள வெள்ளம் குறுக்கே நிற்கிறது. திருச்சூரில் 25 நாய்களை வளர்த்த ஒரு பெண், அவற்றை விட்டுவிட்டு மீட்புப் படகில் ஏற மறுத்தார். விலங்கு மீட்பாளர்கள் வந்து நாய்களையும் சேர்த்துக் கரையேற்ற வேண்டியிருந்தது. ஒரே வீட்டுக்கு இரண்டு முறை மீட்பு. ஆகவே, மனிதரையும் அவர் வளர்க்கும் பிராணியையும் சேர்த்துத் தங்கவைப்பதை நான் ஜீவகாருண்யக் கணக்கில் எழுதவில்லை. மனிதரை நேரத்தோடு வீட்டைவிட்டு வெளியே கொண்டுவருவதற்கான கணக்கு அது.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க அந்தமானில் ஸ்ரீ விஜயபுரத்தின் லம்பா லைன் பொருத்தமான இடம். 2024 வரை போர்ட் பிளேர் என்றிருந்த ஊரில், விமான நிலையத்தை ஒட்டிய குடியிருப்பு அது. தமிழ்நாட்டில் வெள்ளம் வந்தால் ஆட்டைப் பிடித்துக்கொண்டு அடுத்த ஊர் உறவினர் வீட்டுக்குப் போய்விடலாம். தீவில் அடுத்த ஊர் என்பது பல நேரம் கப்பலுக்கு அப்பால். 2022 மார்ச்சில் புயல் எச்சரிக்கை வந்தபோது முதலில் நின்றது கப்பல் போக்குவரத்துதான். மிஞ்சுவது பள்ளிக்கூடமோ சமூகக்கூடமோதான். அதன் வாசலில் நாய்க்கு இடமில்லை என்றால் நாய்க்கு வேறு இடமே இல்லை.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கார் நிக்கோபாரிலிருந்து விமானப்படை ஏற்றிவந்த மக்கள் இறங்கியது இந்த ஓடுதளத்தில்தான். அந்த நெருக்கடியில் ஆட்களை ஏற்றியதே பெரிது. விலங்குகளை ஏன் ஏற்றவில்லை என்று கேட்பது அநியாயம். ஆனால் விட்டுவந்தது என்ன என்று கேட்கலாம். நிக்கோபாரிகளுக்குப் பன்றி வெறும் இறைச்சி அல்ல. தேங்காய் ஊட்டி வளர்க்கப்படும் அது, துஹெத் என்னும் கூட்டுக்குடும்பத்தின் பொதுச் சொத்து. சடங்கும் விருந்தும் அதைச் சுற்றியே நடக்கும். அலையில் பன்றியும் போனது, தென்னையும் போனது. பின்னால் வந்த தகரக் கொட்டகைகள் துஹெத்தைச் சிறுசிறு குடும்பங்களாக வெட்டி வைத்தன. நகரத்துப் பார்வை ‘செல்லப்பிராணி’ என்று ஒரு கோடு போட்டு, நாயையும் பூனையையும் அதற்குள் வைத்து, பன்றியையும் ஆட்டையும் கால்நடை என்று தள்ளிவைக்கிறது. தீவுக்கு அந்தக் கோடு ஒத்துவராது.

அரசு ஏட்டிலோ அதே கோடு தலைகீழாக விழுந்திருக்கிறது. மத்திய அரசின் நிவாரண உதவி நெறிமுறையில் கறவை மாடு, உழவு மாடு, ஆடு, பன்றி, கோழி எல்லாவற்றுக்கும் இழப்பீடு உண்டு. கால்நடை முகாமுக்குத் தீவனச் செலவும் உண்டு. நாய்க்கும் பூனைக்கும் அதில் ஒரு வரிகூட இல்லை. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் 12ஆம் பிரிவில் நிவாரண முகாமின் குறைந்தபட்சத் தேவைகளைச் சொல்கிறது: தங்குமிடம், உணவு, குடிநீர், மருத்துவம், சுகாதாரம். விலங்கு பற்றிப் பேச்சே இல்லை. அதேசமயம், தக்க காரணமின்றி ஒரு பிராணியைப் பட்டினியில் வாடும்படி கைவிடுவது 1960ஆம் ஆண்டின் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முகாம் வாசலில் ‘நாயை விட்டுவிட்டு வா’ என்று சொல்லும் காவலர்தான் அந்தத் ‘தக்க காரணம்’ ஆகிவிடுகிறார்.

மறுப்புகளில் வலுவானது நோய். இங்கே பலரும் முதலில் ரேபிஸைச் சொல்வார்கள். ஆனால் இந்தியாவில் ரேபிஸ் இல்லாத பகுதிகளாகக் கருதப்படுபவை அந்தமான் நிக்கோபாரும் லட்சத்தீவும்தான். அதற்காகத் தடுப்பூசி அட்டையைக் கேட்காமல் விடக்கூடாது. விமானத்திலும் கப்பலிலும் நாய்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. தீவில் உண்மையாக அஞ்ச வேண்டியது எலிக்காய்ச்சல். அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல் என்று ஒரு காலத்தில் வடக்கு அந்தமானை உலுக்கிய நோய் கடைசியில் இதுதான் என்று கண்டறியப்பட்டது. எலி மட்டுமல்ல, மாடு, பன்றி, நாய் ஆகியவற்றின் சிறுநீரும் இதைப் பரப்பும்; மழைநீர் தேங்கிய தரை அதற்குத் தோதான இடம். எனவே மனிதரும் நாயும் ஒரே கூடத்தில் பாய்விரிக்கட்டும் என்று சொல்லும் பிராணி நேசர்களோடு நான் உடன்படவில்லை. நாயைக் கண்டால் அலறும் குழந்தை, தொழுகைக்கு இடம் தேடும் பெரியவர், ஆஸ்துமாக்காரர், இவர்களுக்கும் அந்தக் கூடம்தான் ஒரே அடைக்கலம். ஒரே வளாகம், வேறு கூரை என்பதே சரி: மேடான தரை, தனி வடிகால், பிளீச்சிங் பவுடர், கட்டிவைக்கக் கம்பி, பூனைக்குக் கூண்டு, தனி வாசல். உரிமையாளர் இரண்டு வேளையும் வந்து தீனி வைத்து, தரையைக் கழுவ வேண்டும். கால்நடைத் துறையிலிருந்து ஓர் உதவியாளர் போதும்.

மனிதருக்கே இடமில்லாதபோது நாய்க்கு எங்கே என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. நாய் கேட்பது கூடத்தை அல்ல, சைக்கிள் ஸ்டாண்டை. வேண்டாம் என்று திருப்பி அனுப்பினால் பிரச்சினை தீர்வதில்லை, இடம்தான் மாறுகிறது. ஃபுகுஷிமா அனுபவத்துக்குப் பின் ஜப்பானின் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2013இல் பிராணியோடு சேர்ந்தே வெளியேறுங்கள் என்று வழிகாட்டியது. ஆனால் சேர்ந்து வெளியேறுவது வேறு, முகாமில் சேர்ந்து தங்குவது வேறு. 2016 குமாமோட்டோ நிலநடுக்கத்தில் பிராணி வளர்ப்போர் பலர் முகாமுக்குள் போக முடியாமல் காரிலேயே படுத்தார்கள். காரில் முடங்கிக் கிடந்தவர்களில் சிலருக்குக் காலில் ரத்தம் உறைந்தது; இறப்பும் நேர்ந்தது. லம்பா லைனில் எல்லோரிடமும் கார் இல்லை. இங்கே திரும்பிப் போக இருப்பது தகரக் கூரை வீடு.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. புயல் நாள் கணக்கில் அவகாசம் தரும். பக்கத்துக் கடலில் பிறக்கும் சுனாமி நிமிடக் கணக்கில்தான் தரும். நிலம் நின்று நிதானிக்க முடியாதபடி ஆடினால் கயிற்றை அவிழ்த்துவிட்டு மேட்டுக்கு ஓடுவதுதான். பூனையைத் தேடி யாரும் திரும்பக்கூடாது. அவிழ்த்துவிட்ட பிராணிக்குத் தப்பிக்க ஒரு வாய்ப்பாவது இருக்கும். புயலுக்கு வேண்டியது முன்கூட்டிய சொல். இந்தி, வங்காளம், தமிழ், தெலுங்கு என்று அறிவிப்பு போகும்போது, வளர்ப்புப் பிராணிகளைக் கயிறு, மூன்று நாள் தீனி, தடுப்பூசி அட்டையோடு கொண்டுவரலாம் என்பதும், எந்தப் பள்ளியின் பின்கட்டில் இடம் என்பதும் அதிலேயே வர வேண்டும். கொட்டகை தயாராக இருந்து, அந்த வரி மட்டும் அறிவிப்பில் விடுபட்டால் நாய் வைத்திருப்பவர் கிளம்பப் போவதில்லை.

(தொடரும்)