அரிக்கமேட்டு மண்ணில் கிரேக்கத் திராட்சை

வில்லியனூரைக் கடந்து வரும் சங்கராபரணி, கிளை பிரிந்து அரியாங்குப்பம் ஆறாகிக் கடலைத் தொடுவதற்குச் சற்று முன்னால் வளைகிறது. அந்த வளைவில், காக்காயந்தோப்பை ஒட்டித் தென்னையும் மாவும் நிழல் விரித்த மேடுதான் அரிக்கமேடு. புதுச்சேரிக்கு ஒயின் பிரெஞ்சுக்காரர்களோடு வந்தது என்று நினைப்பவர்களை நான் இங்கேதான் அழைத்து வருவேன். பிரெஞ்சுக்காரர்களுக்கு 1,600 ஆண்டுகளுக்கும் முன்பே இந்த ஆற்றுத்துறையில் சாடி சாடியாக ஒயின் இறங்கியிருக்கிறது.

ஊர்ச் சிறுவர்கள் பொறுக்கி வைத்திருந்த மணிகளை 1930-களில் வாங்கிச் சேர்த்தவர் பிரெஞ்சுப் பேராசிரியர் ழூவோ துப்ரேய். 1945-இல் அகழாய்வாளர் மார்ட்டிமர் வீலர் குழி வெட்டினார். பிறகு அகழாய்வுக்குக் கசால் வந்தார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியின் குழு தோண்டியது. மணியும் மெருகேறிய இத்தாலியப் பாத்திரமும் பேர் வாங்கின. என்னைக் கட்டிப்போட்டவை ஆம்போரா எனும் இருகாதுச் சாடியின் உடைசல்கள்தான்.

ஒரு கைப்பிடித் துண்டைப் பாருங்கள். இரண்டு களிமண் உருளைகளை அருகருகே ஒட்டி வளைத்தது போலிருக்கும். அது ஏஜியன் கடலின் கோஸ் தீவுச் சாடியின் அடையாளம். இன்னொன்றின் உடைந்த முகத்தில் கடுகைப் பொடித்துத் தூவியது போலக் கரும்பொடி மின்னும். வெசூவியஸ் எரிமலையைச் சுற்றியுள்ள காம்பானியா மண்ணில் கலந்த எரிமலை மணல் அது. எந்த மலையடிவாரத்துத் திராட்சை இங்கே வந்தது என்பதை ஓட்டுத் துண்டே சொல்லிவிடுகிறது. எனக்கு இதைவிட நம்பகமான சாட்சி இல்லை.

இந்த வகைச் சாடி ஒன்றில் ஏறக்குறைய 25 லிட்டர் பிடிக்கும். அடி கூராக இருப்பதால் கப்பலின் அடித்தட்டில் நெருக்கி அடுக்கலாம். கசியாதிருக்க உட்புறம் பைன் பிசின் பூசுவார்கள். குடிப்பவன் நாக்கில் அந்த மணமும் ஏறும். கோஸ் தீவினர் ஒயினில் கடல்நீர் கலந்தார்கள். அந்தப் பக்குவத்தை ரோமானிய கேட்டோ தன் வேளாண் நூலில் எழுதி வைத்திருக்கிறார். அன்று உப்பும் பிசினும்தான் காப்பு. ஜூலை வாக்கில் எகிப்தின் செங்கடல் துறைகளை விட்ட கப்பல்கள் தென்மேற்குப் பருவக்காற்றைப் பிடித்து இந்தியக் கரைக்கு வந்தன. யவனர் கொண்டுவந்த நறுமண மதுவை நக்கீரர் புறநானூற்றின் 56-ஆம் பாடலில் பாண்டியன் நன்மாறனின் அவையில் காட்டுகிறார். எல்லாச் சாடியிலும் ஒயின் இல்லை. ஆலிவ் எண்ணெயும் மீன்சாறும் வந்திருக்கின்றன.

ஒயின் வந்து இறங்கிய இந்தத் துறைக்கு அருகே, பாகூர் ஏரிப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் விளைகின்றன. ஒயினுக்கான கொடி இந்தப் பக்கத்துப் பயிரல்ல. நம் பக்கத்துத் திராட்சைக்குக் கம்பம் பள்ளத்தாக்குக்குத்தான் போக வேண்டும். அங்கே விளையும் பன்னீர் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது.

மேட்டில் நெடிதாக நிற்கும் செங்கல் சுவர்களை ரோமானியருடையவை என்று எண்ணிப் படமெடுப்பவர்கள் உண்டு. அவை 18-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு மிஷன் கட்டடத்தின் மிச்சம். பழைய துறைமுகம் காலடி மண்ணுக்குள் இருக்கிறது. அதன் ஆற்றோர விளிம்பை நீர் அரித்துக்கொண்டே இருக்கிறது; கரையைப் பலப்படுத்தும் வேலை இனியும் தள்ளிப்போகக் கூடாது. வீலரின் குழிகளை எப்போதோ மூடிவிட்டார்கள். அவற்றின் மேல் இப்போது மாஞ்சருகு கிடக்கிறது.