முகம் தேய்க்கும் மெஷினும் மாநிறத் தோலும்

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போதுதான் பலருக்கும் முகத்தைப் பற்றிய கவலை வருகிறது. மூக்கோரத்தில் சொரசொரப்பு, கன்னத்தில் பழைய பருத் தழும்பு, நெற்றியில் லேசான கருமை. பார்லருக்குப் போகிற காசில் ஒரு மெஷின் வாங்கிவிட்டால் வீட்டிலேயே செய்துகொள்ளலாமே என்று தோன்றுகிறது. ஆன்லைனில் ஆர்டர் போட்டால் இரண்டு மூன்று நாளில் பெட்டி வந்துவிடும். முதல் தடவை தேய்த்ததும் முகம் வழவழவென்று இருக்கும். அந்தச் சந்தோஷத்தில் மறுநாளும் தேய்ப்பார்கள். பத்து நாள் கழித்து, கன்ன எலும்பின் மேல் பழுப்பாக ஒரு படலம் தெரிய ஆரம்பிக்கும். அழுக்கு இன்னும் போகவில்லை போலிருக்கிறது என்று மறுபடி மெஷினைக் கையில் எடுக்கும்போதுதான் உண்மையான கெடுதல் தொடங்குகிறது.

அந்தப் பழுப்பு, தேய்த்த தேய்ப்பால் தோலே உண்டாக்கிய நிறம். எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது. தேய்க்கத் தேய்க்க அடர்ந்துகொண்டே வரும். வீட்டில் முகம் தேய்க்கும் கருவி வைத்திருக்கும் ஒவ்வொருவரும், குறிப்பாக மாநிறமும் கறுப்பும் உள்ளவர்கள், தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் இதுதான்.

தோலின் வெளிப்பக்கத்தில் இறந்த செல்கள் 15 முதல் 20 அடுக்குகளாகப் படிந்திருக்கின்றன. அத்தனை அடுக்கும் சேர்ந்து ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு கனம்கூடத் தேறுவதில்லை. உடம்பின் ஈரம் வெளியேறாமல் பிடித்துவைப்பதும், கிருமிகளை வெளியிலேயே நிறுத்துவதும் இந்த மெல்லிய படலம்தான். அடியில் புதிதாகப் பிறக்கும் செல், மேலே வந்து உதிர்ந்து போக இளவயதில் ஏறத்தாழ நான்கு வாரம் ஆகிறது. வயது ஏற ஏற இன்னும் நாளாகும். ஆக, தோல் தன்னைத்தானே உரித்துக்கொண்டுதான் இருக்கிறது. மெஷின் அந்த வேலையைக் கொஞ்சம் முன்கூட்டி முடித்து வைக்கிறது, அவ்வளவுதான். அதற்கு மேல் போனால் அது தோலைப் புண்ணாக்குவதில் போய் முடியும்.

மேல்தோலின் அடிவரிசையில் மெலனோசைட் என்ற நிறமி செல்கள் இருக்கின்றன. தோல் உரசிச் சிவந்தால் அந்த இடத்தில் புரோஸ்டகிளாண்டின், லூகோட்ரையீன் போன்ற வேதிப்பொருள்கள் சுரக்கும். அவை நிறமி செல்களைத் தூண்டிவிடும். வழக்கத்தைவிட அதிகமாக மெலனின் உருவாகி, சுற்றியுள்ள செல்களுக்குள் போய்ச் சேரும். இது உடனே கண்ணுக்குத் தெரியாது. சிவப்பு அடங்கி, ஒன்றிரண்டு வாரம் கழிந்த பிறகே கருமையாக மேலே வரும். மேல்தோலோடு நின்றுவிட்டால் சில மாதங்களில் மங்கிவிடும். காயம் ஆழமாகி நிறமி கீழே உள்தோலுக்குள் இறங்கிவிட்டால், சாம்பல் கலந்த நீலமாகத் தெரியும் அந்தக் கறை வருடக்கணக்கில் இருக்கும்.

1975-ல் ஹார்வர்டு தோல் மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக், வெயில் பட்டால் தோல் சிவக்கிறதா கறுக்கிறதா என்பதை வைத்துத் தோலை வகை பிரித்தார். பின்னால் ஆறு வகையாக விரிந்த அந்தப் பட்டியலில் இந்தியர்கள் பெரும்பாலும் நான்காவது, ஐந்தாவது வகைகளில் வருகிறார்கள். இந்த வகைத் தோலில் நிறமி செல்கள் சின்னத் தூண்டுதலுக்கும் வேகமாக வேலை செய்யும். வெள்ளைத் தோலில் இரண்டு நாளில் மறைந்துபோகும் சிவப்பு, இங்கே இரண்டு மாதக் கருமையாகும். கொரியாவிலும் அமெரிக்காவிலும் எடுத்த வீடியோவைப் பார்த்து, அதே அழுத்தத்தில், அதே எண்ணிக்கையில் இங்கே செய்வது சரிப்படாது என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

உரசலால் கறுப்பது மெஷின் காலத்துப் புதுமையும் இல்லை. 1980-களில் ஜப்பானிய தோல் மருத்துவர்கள், நைலான் துண்டால் அழுத்தித் தேய்த்துக் குளிப்பவர்களுக்குக் காறை எலும்பின் மேலும் முதுகிலும் பழுப்புப் படலம் விழுவதைக் கவனித்து எழுதினார்கள். பீர்க்கங்காய் நாரும் பிளாஸ்டிக் நாரும் போட்டுத் தேய்க்கும் நம் வீடுகளிலும் முழங்கை, கழுத்து, தோள் எலும்பு கறுப்பதைப் பார்க்கலாம். அழுக்கென்று அம்மாமார் தேய்த்துவிடுவதும், அது இன்னும் கறுப்பதும் பல வீடுகளில் நடப்பதுதான். எலும்பு மேலெழும்பியிருக்கும் இடத்தில் தோலுக்கு அடியில் மெத்தை குறைவு. உரசல் நேராக விழும். முகத்தில் கன்ன எலும்பும் தாடை விளிம்பும் அப்படிப்பட்ட இடங்கள்.

சந்தையில் விற்கும் கருவிகளை எல்லாம் ஒரே தட்டில் வைக்க முடியாது. மிகச் சாதுவானது சுழலும் அல்லது அதிரும் பிரஷ். சோனிகேர் பல் துலக்கியை உருவாக்கியவர்களில் ஒருவரான டேவிட் ஜூலியானி, அதே அதிர்வு நுட்பத்தை முகத்துக்குக் கொண்டுவந்து 2004-ல் அமெரிக்காவில் கிளாரிசானிக் பிரஷ்ஷை வெளியிட்டார். நொடிக்கு 300 தடவைக்கு மேல் அதிரும் அந்த பிரஷ் உலகெங்கும் பரவியது. லோரியல் நிறுவனம் 2011-ல் அதை வாங்கி, 2020-ல் மூடிவிட்டது. அதற்குள் அதே மாதிரி எத்தனையோ பிரஷ்கள் சந்தைக்கு வந்துவிட்டன. இவற்றில் சிலிக்கான் முட்கள் உள்ளவை நைலான் முட்களைவிட மென்மையானவை, கழுவவும் எளிது. தேய்க்க வேண்டிய நேரம் மிகக் குறைவு. அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் அகாடமி, கையால் ஸ்கிரப் தேய்ப்பதற்கே சுமார் 30 நொடி போதும் என்கிறது. பிரஷ்ஷோடு சேர்த்து ஸ்கிரப் கிரீமையும் போடுவது இரட்டை உரசல். சாதாரண ஃபேஸ்வாஷ் போதும்.

அதிகம் தொல்லை கொடுப்பது உறிஞ்சும் மெஷின்கள்தான். இவற்றுக்கு முன்னோடி மைக்ரோடெர்மாப்ரேஷன் என்ற சிகிச்சை. 1985-ல் இத்தாலியில் அறிமுகமான அந்த முறையில் அலுமினியம் ஆக்சைடு துகள்களைத் தோல்மேல் பீய்ச்சி, உரிந்த செல்களோடு சேர்த்து உறிஞ்சி எடுப்பார்கள். குருந்தக்கல்லும் இதே பொருள்தான். வைரத்துக்கு அடுத்த வரிசையில் வைக்கும் அளவுக்குக் கடினமானது. வீட்டு மெஷின்களில் துகள் பீய்ச்சுவதில்லை. வைரத்தூளோ அலுமினியம் ஆக்சைடோ ஒட்டிய முனை தேய்க்கிறது, நடுவிலுள்ள ஓட்டை உறிஞ்சுகிறது.

அந்த முனையைக் கன்னத்தில் வைத்து ஒரே இடத்தில் நான்கைந்து நொடி நிறுத்திப் பாருங்கள் என்று யாருக்கும் சொல்ல முடியாது. ஆனால் அறியாமல் பலர் செய்வது அதைத்தான். முனையின் அளவுக்கு வட்டமாக, நடுவில் செம்புள்ளிகளோடு ஒரு தடம் விழும். உள்ளே மெல்லிய ரத்தக்குழாய்கள் உடைந்ததன் அடையாளம் அது. ஆஸ்பிரின் அல்லது ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் எளிதில் விழும். அவர்கள் உறிஞ்சும் மெஷினைத் தொடாமலிருப்பதே நல்லது.

மற்றவர்கள் எப்படிச் செய்யலாம்? முகத்தைக் கழுவி, நன்றாக ஈரம் போகத் துடைத்துக்கொள்ள வேண்டும். மெஷினை இருப்பதிலேயே குறைந்த வேகத்தில் வைத்து, முதலில் முன்கையின் உட்புறத்தில் இழுவை எப்படி இருக்கிறதென்று பார்க்க வேண்டும். பிறகு இடது கையின் இரண்டு விரலால் கன்னத் தோலை விரித்துப் பிடித்துக்கொண்டு, மூக்கிலிருந்து காதுப் பக்கமாக முனையை நிற்காமல் ஒரே இழுப்பாக நகர்த்த வேண்டும். ஓரிடத்தில் ஒரு தடவை; அதே கோட்டில் திரும்பப் போகக்கூடாது. கண்ணைச் சுற்றியும், உதட்டின் மேலும், மரு, மச்சம், பழுத்த பரு இருக்கும் இடத்திலும் முனை படக்கூடாது. எரிச்சல் தோன்றினால் அன்றைக்கு அதோடு சரி. முடித்ததும் வாசனையில்லாத மாய்ஸ்சரைசர். வாரம் ஒரு தடவைக்கு மேல் யாருக்கும் தேவையில்லை. வறண்ட தோலுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறையே தாராளம்.

முதன்முதலில் முகம் முழுக்கத் தேய்ப்பதற்கு முன், காதுக்குக் கீழே தாடையோரம் ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் செய்து பார்க்கச் சொல்வார்கள். பெட்டியோடு வரும் தாளில் 24 மணி நேரம் பொறுக்கச் சொல்லியிருந்தாலும், மாநிறத் தோலுக்கு அது பத்தாது. கருமை வெளியே வர இரண்டு வாரம் வரை ஆகும் என்பதால் அவ்வளவு நாளும் காத்திருந்து பார்ப்பதே சரியான சோதனை. கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது புது மெஷின் வாங்கக்கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

மூக்கின் மேல் தெரியும் கருப்புப் புள்ளிகளை உறிஞ்சி எடுக்கவே பலர் இந்த மெஷினை வாங்குகிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை அழுக்கே கிடையாது. எண்ணெய்ச் சுரப்பியிலிருந்து துவாரத்தின் வழியே மேலே வரும் இயல்பான எண்ணெய்த் திரிகள் அவை; இன்று எடுத்தாலும் சில வாரங்களில் மீண்டும் நிரம்பிவிடும். உண்மையான கரும்புள்ளி என்றால், சாலிசிலிக் அமிலம் கலந்த ஃபேஸ்வாஷோ அடாபலீன் ஜெல்லோ உறிஞ்சுவதைவிட நன்றாக வேலை செய்யும். ஆனால் ஜெல்லும் மெஷினும் சேர்ந்தால் ஆபத்து. அடாபலீன், டிரெட்டினாயின், கிளைகாலிக் அமிலம் போன்றவை ஏற்கெனவே மேல் அடுக்கை இளக்கிவிடுகின்றன. அதன்மேல் மெஷினையும் ஓட்டினால் தோல் தாங்காது. பருவுக்கு ஐசோடிரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எந்தக் கருவியையும் முகத்தில் வைக்கக்கூடாது.

முகத்துப் பூனைமுடியை மழிக்கும் சின்ன ரேஸர் பற்றி ஒரு பயம் ஊரெங்கும் இருக்கிறது: மழித்தால் முடி தடித்து வளரும் என்று. அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் டிராட்டர் 1928-லேயே சோதித்து, மழிப்பதால் முடியின் தடிப்போ நிறமோ வளரும் வேகமோ மாறுவதில்லை என்று எழுதிவிட்டார். பயப்பட வேண்டியது மழுங்கிய பிளேடுக்கும், ஒரே ரேஸரை அக்காவும் தங்கையும் பகிர்ந்துகொள்வதற்கும்தான். தாடையில் தடித்த முடி வளர்கிற பெண்கள் ரேஸரைத் தேடுவதற்கு முன் பிசிஓடி எனப்படும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது முக்கியம். ஆண்களுக்கு ஷேவிங்கே ஒரு உரிப்பு. ஷேவ் செய்த அன்று மெஷின் வேண்டாம்.

ஊசி உருளை, அதாவது டெர்மா ரோலர், இந்தக் கூட்டத்தில் சேரவே கூடாதது. அது தோலை உரிப்பதில்லை, துளைக்கிறது. முகத்து மேல்தோலின் கனமே பல இடங்களில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். ஆன்லைனில் ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் ஊசிகள் யாரும் எதுவும் கேட்காமல் விற்கப்படுகின்றன. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., 2018-ல் பருத் தழும்புக்கான முதல் நுண்ணூசிக் கருவிக்கு அனுமதி தந்தது. அதுவும் மருத்துவத் துறையினர் கையில் பயன்படுத்துவதற்காக. 2014-ல் அங்கே ஒரு மருத்துவ இதழில், முகத்தில் நுண்ணூசிச் சிகிச்சை செய்துகொண்டதை அடுத்து மூன்று பெண்களுக்குத் தோலுக்குள் கட்டிகட்டியாக ஒவ்வாமை தோன்றியதாகவும், அவர்களில் இருவருக்கு அப்போது வைட்டமின் சி சீரம் தடவப்பட்டிருந்ததாகவும் அறிக்கை வந்தது. முகத்தின் மேலே தடவுவதற்காகச் செய்த சீரம், உள்ளே இறங்கும்போது வேறு பொருளாகிவிடுகிறது. வீட்டில் ரோலர் வைத்திருப்பவர்கள் அதை விட்டுவிடுவது நல்லது.

மெஷினையே தொடக்கூடாதவர்கள் சிலர் உண்டு. சோரியாசிஸ், வெண்புள்ளி உள்ளவர்களுக்கு உரசல் பட்ட இடத்திலேயே புதிதாக நோய் கிளம்பலாம். முகத்தில் தட்டையான வைரஸ் மரு இருந்தால், மெஷின் போகும் பாதையெல்லாம் விதைத்தது போல மரு முளைக்கும். உதட்டோரம் அக்கி மாதிரிக் கொப்புளம் வருகிறவர்களுக்கும், மங்கு (மெலாஸ்மா) விழுந்தவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான்.

இவர்களைவிட அதிகம் கவலைப்பட வேண்டியது, சிவப்பாக வேண்டும் என்று மெடிக்கல் ஷாப்பில் கிரீம் வாங்கிப் போட்டுக்கொள்கிறவர்களைப் பற்றி. அந்த டியூபில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்ற பெயர்களில் ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, ரத்தக்குழாய் வெளியே தெரியும் அளவுக்கு ஆகிவிடும். இந்தியத் தோல் மருத்துவர்கள் பல வருடம் போராடிய பிறகு, 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு கிரீம்களைச் சீட்டில்லாமல் விற்கக்கூடாத பட்டியலுக்கு மாற்றியது. அப்படி மெலிந்த தோலில் மெஷின் ஓட்டினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

உரித்த தோலுக்கு வெயில் எதிரி. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி புற ஊதாக் குறியீடு 11-ஐத் தொட்டாலே உச்சகட்டம். சென்னையிலும் மதுரையிலும் கோடை மதியத்தில் அது சாதாரணமாக வருவதுதான். மெஷின் வேலையை ராத்திரியில் வைத்துக்கொண்டு, மறுநாளிலிருந்து ஒரு வாரமாவது சன்ஸ்கிரீனை விடாமல் போட வேண்டும். மாநிறத் தோலைக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் கறுக்க வைக்கிறது. அதைத் தடுக்க, இரும்பு ஆக்சைடு கலந்து லேசான தோல் நிறத்தில் வரும் சன்ஸ்கிரீனே உதவும்; பார்க்க வெள்ளையாக இருக்கும் வகை இந்த விஷயத்தில் போதாது.

மெஷினின் முனையைக் கழற்றி உட்புறம் பார்த்தால் வெள்ளையாகப் பொடியும் பிசுபிசுப்பான எண்ணெயும் ஒட்டியிருக்கும். அதை அப்படியே குளியலறையில் வைத்தால் கிருமிக்கு விருந்து. ஒவ்வொரு தடவையும் சோப்புத் தண்ணீரில் கழுவி, 70 சதவீத ஆல்கஹாலில் துடைத்து, காற்றில் உலர்த்தி, குளியலறைக்கு வெளியே வைக்க வேண்டும். பஞ்சு வடிகட்டியை ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டும். பிரஷ் தலை மூன்று மாதம்தான். படர்தாமரை வீடு வீடாகப் பரவிக்கிடக்கும் காலம் இது. முகத்து மெஷின் ஒருவருக்கு ஒன்று.

ஏற்கெனவே கருமை விழுந்துவிட்டதா? மெஷின், ஸ்கிரப், எலுமிச்சைச் சாறு, டூத்பேஸ்ட் எல்லாவற்றையும் அன்றே நிறுத்திவிட்டு, மென்மையான ஃபேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன் மூன்றோடு மட்டும் இருக்க வேண்டும். ஆறு வாரத்தில் மங்குகிற அறிகுறி தெரியாவிட்டாலோ, நிறம் சாம்பல் நீலமாக மாறினாலோ தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. போகும்போது முகத்தில் போட்ட கிரீம் டியூப்கள் அத்தனையையும், மெஷினின் முனையையும் பையில் போட்டு எடுத்துப் போகலாம். எதைப் போட்டோம் என்று சொல்லக் கூச்சப்பட்டு மறைக்கிறவர்களுக்குத்தான் சிகிச்சை தாமதமாகிறது.