‘அவர்’ என்றால் ‘ஹீ’யா, ‘ஷீ’யா?

மதுரையை அடுத்த அழகர்கோவிலின் வரலாற்றை வெளிநாட்டுப் பயணிகளுக்கு ஆங்கிலத்தில் எடுத்துரைப்பவருக்குக் கோபுரம், கொடிமரம் ஆகியவற்றுக்கான சொற்கள் எளிதில் கிடைத்துவிடும். பெயர்ச்சொல்லுக்குப் பதிலாக நின்று ‘ப்ரொநவுன்’ என வழங்கும் மாற்றுப்பெயர்களான ‘ஹீ’, ‘ஷீ’, ‘வீ’, ‘தே’ போன்ற ஓரசைச் சொற்களே அவரை இடறச் செய்கின்றன. ஆட்களைத் தமிழ் பகுக்கும் முறையும் ஆங்கிலம் பகுக்கும் முறையும் வேறு என்பதே இதற்குக் காரணம்.

அழகர் சித்ரா பௌர்ணமியன்று வைகையில் இறங்குகிறார், பின்னர் மண்டூக முனிவருக்குச் சாபவிமோசனம் அளிக்கிறார் என்னும்போது இரண்டாம் தொடரில் எழுவாய் இல்லாவிட்டாலும், வினையின் ‘ஆர்’ விகுதியே செய்தவரைக் காட்டிவிடுகிறது. ஆங்கில வினைக்கு அத்தகைய விகுதி இல்லையாதலால், புதிய வாக்கியம் தொடங்கும்போது ‘ஹீ’யைச் சேர்த்தே ஆக வேண்டும். மழை பெய்வதைக்கூட, எதையும் சுட்டாத ஓர் ‘இட்’டை முன்னிறுத்தித்தான் அம்மொழி சொல்கிறது.

மரியாதை புகும் இடத்தில் சிக்கல் கூடுகிறது. அழகரும் ‘அவர்’, மீனாட்சியும் ‘அவர்’. மதுரைப் பேச்சில் இருவரும் ‘அவுக’. உயர்வு ஏற ஏறத் தமிழில் ஆண்பால் பெண்பால் வேறுபாடு மறைகிறது. ஆங்கிலமோ உயர்வைப் பொருட்படுத்தாமல் பாலை மட்டும் கேட்கிறது. ஆசிரியை ஒருவரைத் தமிழர் ‘ஹீ’ என்றோ, மரியாதை கருதித் ‘தே’ என்றோ குறிப்பிட்டுவிடுவது இதனால்தான். ஒருவரைத் ‘தே’ எனச் சுட்டும் வழக்கு ஆங்கிலத்திலும் 14ஆம் நூற்றாண்டு முதலே உண்டு என்றாலும், பால் தெரியாதவரையும், அண்மைக் காலத்தில் ‘ஹீ’, ‘ஷீ’ இரண்டையும் தமக்கு ஏற்காதவரையும் அது குறிக்குமேயன்றி மரியாதையைக் குறிக்காது.

திருமாலிருஞ்சோலை என்னும் அழகர்கோவிலில் உறையும் அழகருக்கு நூறு தடா (பெரிய பானை) வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் படைப்பதாக ஆண்டாள் நேர்ந்துகொண்டதையும், பல நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த இராமானுசர் அதை நிறைவேற்றியதையும் வைணவ மரபு போற்றுகிறது. இதை ஆங்கிலத்தில் கூறுபவர் இராமானுசர் ‘ஹெர்’ வேண்டுதலை நிறைவேற்றினார் என்றால்தான் செய்தி சரியாக நிற்கும். எழுவாய் ஆணாயிற்றே என்று ‘ஹிஸ்’ போட்டால், அவர் தமது சொந்த நேர்த்திக்கடனைச் செலுத்தியதாகப் பொருள் மாறிவிடும். உடைமைப் பொருளுக்கேற்ப இந்தியில் மாறும் இச்சொல், ஆங்கிலத்தில் உடையவருக்கேற்ப மாறுகிறது.

தமிழுக்குள்ள ஒரு வசதி ஆங்கிலத்துக்கு இல்லை. கேட்பவரையும் உளப்படுத்தும் ‘நாம்’, அவரை விலக்கும் ‘நாங்கள்’ என்ற பிரிவை 1856இல் வெளிவந்த தமது ஒப்பிலக்கண நூலில் கால்டுவெல்லும் ஆராய்ந்திருக்கிறார். அழகர்மலைத் தீர்த்தமான நூபுரகங்கையில் ‘வீ’ நீராடுகிறோம் என்று வழிகாட்டி சொன்னால், அது மதுரை மக்களின் வழக்கமா, தமக்கான அழைப்பா என்று பயணி திகைக்கலாம்; ‘வீ’யுடன் ‘மதுரை மக்கள்’ என்பதையும் சேர்த்துவிட்டால் குழப்பம் தீரும்.

வேற்றுமை வடிவங்களுள் எழுவாய்க்கு ‘ஐ’, செயப்படுபொருளுக்கும் முன்னிடைச் சொல்லுக்குப் பின்னும் ‘மீ’ என்பது விதி. இன்னொருவரின் பெயரோடு சேர்ந்து வரும்போது எது பொருந்தும் என்ற ஐயம் எழுந்தால், அப்பெயரை நீக்கிப் படித்துப் பார்த்தால் போதும். ‘மைசெல்ஃப்’ என்பது எழுவாயின் செயல் எழுவாயையே வந்தடையும்போது வருவதாகையால், பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்ள இந்தியர் பலர் அதைக் கையாள்வது தரமான ஆங்கிலத்தில் பிழையே.

பதினெட்டாம்படிக் கருப்பசாமியின் கதை இவற்றையெல்லாம் விடக் கடினமானது. கருப்பசாமி அழகரைக் கண்டு, அவர் பேரழகில் மயங்கி, அவருக்கே காவலாகத் தங்கினார் என்ற தலமரபுக் கதையை ஆங்கிலத்தில் சொன்னால் ‘ஹீ’யும் ‘ஹிஸ்’ஸும் அடுக்கி வந்து, மயங்கியவர் யார், மயக்கியவர் யார் என்பதே தெரியாமல் போகும். ஒரே பாலினர் இருவர் இடம்பெறும் இத்தகைய வாக்கியத்தில், ஒருவரின் பெயரையேனும் திரும்ப எழுதுவதைத் தேர்ந்த ஆங்கில எழுத்தாளர்களும் குறையாகக் கருதுவதில்லை.